குறைந்த எரிபொருட் செலவில் பெரிய மின்கட்டமைப்பை ஓட்டுவது எப்படி? வன்னி வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார்த் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் முப்பது காற்றாலைகளும் முழு அளவில் சுழன்றால் 103.5 மெகாவாட் கிடைக்கும். ஆனால் சோளகம் விடாமல் வீசும் மாதங்களிலும், தேவை குறைந்த நேரங்களில், உற்பத்தியைக் குறைக்கும்படி கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து உத்தரவு வருவதுண்டு. அந்த நேரத்தில் நுரைச்சோலையில் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கும். இனாமாக வருவதை நிறுத்திவிட்டு, காசு கொடுத்துக் கப்பலில் இறக்கியதை எரிப்பது என்ன கணக்கு என்று கேட்காதவர் குறைவு.

கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், திட்டுவதானாலும் சரியான இடத்தில் திட்டலாம். அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மாணவருக்கும், பரந்தனில் அரிசி ஆலை வைத்து இரண்டு மின்பிறப்பாக்கிகளை ஓட்டுபவருக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு சமன்பாட்டைத் தீர்க்கும் அளவு கணிதம் தெரிந்தால் போதும்.

முதற்படி: எரிபொருள் வளைவை அளப்பது

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் எரிபொருள் வளைவு ஒன்று உண்டு. இத்தனை கிலோவாட் சுமைக்கு மணிக்கு இத்தனை லீற்றர் என்று அது சொல்லும். தயாரிப்பாளர் தரும் கையேட்டில் உள்ளது புது இயந்திரத்தின் வளைவு. பத்து வருடம் ஓடி, காற்று வடிகட்டியில் தவிட்டுத் தூசு அடைத்துக் கிடக்கும் இயந்திரத்தின் வளைவு வேறு. ஆகவே நீங்களே அளக்க வேண்டும்.

அரிசி ஆலை ஒன்றில் 100 கிலோவாட் டீசல் மின்பிறப்பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரதான தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அளவுக் கோடு போட்ட சிறிய தாங்கி ஒன்றிலிருந்து டீசல் கொடுங்கள். இயந்திரத்திலிருந்து மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயும் அதே சிறிய தாங்கிக்குள்ளேயே விழ வேண்டும். இல்லாவிட்டால் எரியாமல் திரும்பிய டீசலும் எரிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். இயந்திரம் நன்றாகச் சூடேறும்வரை காத்திருங்கள். முதலில் உமி நீக்கும் இயந்திரத்தை மட்டும் ஓட்டி, சுமையை 25 கிலோவாட்டில் நிலையாகப் பிடித்து அளவெடுங்கள். பிறகு தீட்டும் இயந்திரத்தைச் சேருங்கள், அதன்பின் மற்றவற்றை. இப்படி 50, 75, 100 கிலோவாட்டில் ஒவ்வோர் அளவு. இந்தப் பருமன் உள்ள இயந்திரத்தில் மணிக்கு 10, 15.5, 21.5, 28 லீற்றர் என்ற கணக்கில் அது வந்து நிற்கும்.

பெரிய நிலையத்திலும் வேலை இதுதான். அங்கே நிலக்கரி பட்டியில் நகரும்போதே நிறுக்கப்படுகிறது, அதன் வெப்பப் பெறுமானம் ஆய்வுகூடத்தில் சோதிக்கப்படுகிறது. ஓர் அலகு மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி, என்பது 3,600 கிலோஜூல். அதைப் பெறச் சாதாரண நிலக்கரி நிலையம் சுமார் 10,000 கிலோஜூல் வெப்பத்தை எரிக்கிறது. தனித்து ஓடும் எரிவாயுச் சுழலிக்கு 12,000 வரை வேண்டும். அதன் புகைபோக்கியில் வீணாகும் சூட்டைக் கொண்டு நீராவிச் சுழலி ஒன்றையும் ஓட்டும் கூட்டுச்சுழற்சி நிலையத்துக்கு ஏழாயிரம் சொச்சம் போதும்.

வெப்பத்தைப் பணமாக மாற்றும்போது இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். தாங்கியில் கிடக்கும் எண்ணெயை என்றைக்கோ வாங்கிய விலைக்குக் கணக்கிடக் கூடாது. அதை எரித்தால் மீண்டும் வாங்கி நிரப்ப இன்று என்ன விலை என்பதே கணக்கு. இன்னொன்று, வங்கிக் கடன், சம்பளம், தனியார் நிலையத்துக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய கொள்ளளவுக் கட்டணம் ஆகியவற்றை இதில் சேர்க்கக் கூடாது. எந்த இயந்திரத்தை ஓட்டினாலும் மாறாத செலவு, எதை ஓட்டுவது என்ற முடிவில் வாய் திறக்கக் கூடாது. மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது வேறு வேலை, அங்கே அது பேசட்டும்.

இரண்டாம் படி: சராசரியை மறந்து, அடுத்த அலகைப் பாருங்கள்

மேலே அளந்த நான்கு எண்களையும் மீண்டும் எடுப்போம். 25 கிலோவாட்டில் அலகுக்கு 0.40 லீற்றர். 50இல் 0.31, 75இல் 0.29, 100இல் 0.28. சுமை கூடக் கூடச் சராசரி இறங்குகிறது. "முழுச் சுமையில் ஓட்டினால்தான் இலாபம்" என்று ஆலைகளில் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

இப்போது இடைவெளிகளைப் பாருங்கள். 25இலிருந்து 50க்குப் போகக் கூடுதலாக 5.5 லீற்றர், அதாவது கூட்டிய ஒவ்வோர் அலகுக்கும் 0.22. அடுத்த 25க்கு 0.24. கடைசி 25க்கு 0.26. சராசரி இறங்கும்போதே அடுத்த அலகின் செலவு ஏறிக்கொண்டிருக்கிறது. இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இன்னும் ஒரு கிலோவாட் கேட்டால் எவ்வளவு எரியும் என்பது மட்டுமே. இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைப்பவை.

மூன்றாம் படி: ஓடும் இயந்திரங்களுக்கிடையே சுமையைப் பகிர்தல்

மூன்று எண்ணெய் நிலையங்கள் ஓடுகின்றன, தேவை 150 மெகாவாட். செலவை மணிக்கு ஆயிரம் ரூபாயில் எழுதுவோம் (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை). ப என்பது அந்த நிலையத்தின் மெகாவாட்:

முதல் நிலையம்: 500 + 20ப + 0.05ப², உச்சம் 100 மெகாவாட்
இரண்டாவது: 400 + 22ப + 0.04ப², உச்சம் 100
மூன்றாவது: 300 + 18ப + 0.10ப², உச்சம் 60

அடுத்த அலகின் செலவு இவற்றின் வகையீடு, அதாவது ப சற்றுக் கூடும்போது செலவு கூடும் வீதம் (மெகாவாட் மணிக்கு ஆயிரம் ரூபாய் என்பது அலகுக்கு ஒரு ரூபாய்): முறையே 20 + 0.10ப, 22 + 0.08ப, 18 + 0.20ப. ஒரு நிலையத்தில் அது 30 ரூபாயாகவும் இன்னொன்றில் 25 ரூபாயாகவும் இருந்தால், முதலாவதில் ஒரு மெகாவாட்டைக் குறைத்து மற்றதில் கூட்டினாலே பணம் மிச்சம். மிச்சப்படுத்த இனி வழியில்லை என்ற நிலை எப்போது வரும்? மூன்றிலும் அந்தச் செலவு சமமாகும்போது. அந்தப் பொது விலையைப் பொறியியலாளர்கள் லாம்டா (λ) என்கிறார்கள்.

லாம்டாவை வைத்து எழுதினால் மூன்று நிலையங்களும் தருவது 10λ − 200, 12.5λ − 275, 5λ − 90. கூட்டினால் 27.5λ − 565. இது 150 ஆக வேண்டும்; எனவே λ = 26 ரூபாய். பங்கு 60, 50, 40 மெகாவாட். மொத்தச் செலவு மணிக்கு 46 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய்.

மனச்சாட்சிக்கு நியாயமாகப் பட்டது என்று மூன்றுக்கும் 50 வீதம் பிரித்திருந்தால் 46 இலட்சத்து 75 ஆயிரம். வித்தியாசம் மணிக்குப் பதினையாயிரம் ரூபாய்தான், ஆனால் ஒரு வருடம் முழுக்க ஓடினால் 13 கோடி ரூபாயைத் தாண்டும். சராசரியை நம்பியவருக்கு நட்டம் இன்னும் பெரியது. 60, 50, 40 என்ற பங்கில் மூன்றாவது நிலையத்தின் சராசரிச் செலவே ஆகக் குறைவு: 29 ரூபாய் 50 சதம். "அதுதானே மலிவு, அதை முழுதாக ஓட்டுவோம்" என்று 60 மெகாவாட்டுக்கு ஏற்றி, மிச்சத்தை மற்ற இரண்டுக்கும் சரியாகப் பிரித்தாலும் செலவு 47 இலட்சத்து 9 ஆயிரமாகிறது. மலிவான நிலையத்தின் கடைசி அலகு 30 ரூபாய்க்கு எரிகிறது, மற்றவை 25 ரூபாய்க்குத் தரத் தயாராக இருக்கும்போது.

இயந்திரம் தன் உச்சத்தையோ தாழ்ந்த எல்லையையோ முட்டினால், அதை அந்த எல்லையில் நிறுத்திவிட்டு மிச்சத் தேவைக்கு மற்றவற்றைக் கொண்டு மீண்டும் லாம்டாவைத் தீர்க்க வேண்டும். நம் நாட்டில் நிலக்கரியின் அலகுச் செலவுக்கும் டீசலின் அலகுச் செலவுக்கும் இடைவெளி பெரிது என்பதால், பெரும்பாலான நேரம் நிலக்கரி உச்சத்திலேயே நிற்கும். லாம்டாவைத் தீர்மானிப்பது வரிசையின் கடைசியில் ஓடும் எண்ணெய் இயந்திரம். முல்லைத்தீவில் மாலை ஏழு மணிக்கு நீங்கள் போடும் மின்விளக்குக்காகக் கூடுதலாக எரிவது அந்த எண்ணெய்தான்.

நான்காம் படி: எதை ஓட்டுவது, எதை அணைப்பது

இதுவே கடினமான படி. மேலே உள்ள கணக்கு, மூன்று நிலையங்களும் ஓடுகின்றன என்று எடுத்துக்கொண்டது. மூன்றும் ஓடத்தான் வேண்டுமா?

மூன்றாவதை அணைத்துவிட்டு மற்ற இரண்டையும் சம லாம்டாவில் ஓட்டினால் செலவு மணிக்கு 45 இலட்சத்து 56 ஆயிரம். இரண்டாவதை அணைத்தால் 44 இலட்சத்து 43 ஆயிரம். முதலாவதை அணைத்தாலும் அதே 44 இலட்சத்து 43 ஆயிரம். ஆக, லாம்டாவைப் பதம் பார்த்துப் பிரித்ததில் கிடைத்த இலாபம் பதினையாயிரம், ஒரு நிலையத்தை அணைப்பதால் கிடைப்பது இரண்டு இலட்சத்துக்கும் மேல். சுமை இல்லாமல் சும்மா சுழலவே எரியும் அந்த 500, 400, 300 ஆயிரம் ரூபாய்களில் ஒன்று ஒழிந்ததுதான் காரணம்.

உடனே போய் அணைத்துவிடாதீர்கள். மூன்றும் ஓடும்போது மொத்தக் கொள்ளளவு 260. தேவை போகக் கையிருப்பு 110 மெகாவாட். முதலாவதையோ இரண்டாவதையோ அணைத்த பின் கையிருப்பு வெறும் 10. அந்த நிலையில் 93 மெகாவாட் தரும் இயந்திரம் விழுந்தால் மிச்சமிருப்பதும் சேர்ந்து விழும். மூன்றாவதை அணைத்தால் இலாபம் ஒரு இலட்சம் சொச்சம், கையிருப்பு 50. எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குள் அடங்கும் மலிவான சேர்க்கையைத் தேட வேண்டும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் மிச்சம் பிடித்த பணமெல்லாம் ஒரே இருட்டில் போய்விடும்.

பெரிய நாடுகளில் வழக்கமான விதி, ஓடும் இயந்திரங்களில் ஆகப் பெரியது விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பது. நுரைச்சோலையில் மூன்று இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 300 மெகாவாட். நள்ளிரவு தாண்டியதும் முழு இலங்கையின் தேவையும் ஆயிரத்துச் சில நூறு மெகாவாட்டுக்கு இறங்கிவிடும். அப்போது ஓர் இயந்திரம் விழுவது நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு விழுவது போல. அவ்வளவு கையிருப்பை இரவெல்லாம் சுழலவைப்பது செலவு, வைக்காமலிருப்பது ஆபத்து. சிறிய தீவுக்குப் பெரிய இயந்திரம் கட்டியதன் வட்டியை நாம் இப்படித்தான் கட்டுகிறோம் என்பது என் கருத்து.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுவதும் இருண்டதை எல்லோரும் சிரித்துப் பேசினோம். விடுமுறை நாள், தேவை குறைவு, கூரைகளில் நல்ல வெயில். அதனால் கனத்த சுழலிகள் குறைவாகவே ஓடின. சுழலும் இரும்பின் எடைதான் அதிர்ச்சியை முதல் சில நொடிகளுக்குத் தாங்கிப் பிடிப்பது. சூரியத் தகட்டுக்கு அந்த எடை கிடையாது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அவை மீண்டும் முழுதாக வரும்வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது.

அந்தத் தாமதமே அடுத்த விதிக்குக் காரணம். டீசல் இயந்திரம் சில நிமிடங்களில் கிளம்பும். எரிவாயுச் சுழலிக்கு அரை மணி நேரம் போதும். குளிர்ந்துபோன நிலக்கரிக் கொதிகலனை நாள் பாதி செலவழித்து, எண்ணெய் எரித்துச் சூடேற்ற வேண்டும். எனவே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தொடக்கச் செலவு, அணைத்தால் குறைந்தது இத்தனை மணி நேரம் அணைந்திருக்க வேண்டும், ஓட்டினால் குறைந்தது இத்தனை மணி நேரம் ஓட வேண்டும், இதற்குக் கீழே சுமையை இறக்க முடியாது என்ற நான்கு எண்களையும் பட்டியலில் சேருங்கள். நமது இரண்டாவது நிலையத்தை மீண்டும் கிளப்ப ஆறு இலட்சம் ரூபாய் ஆகும் என்றால், மணிக்கு 2 இலட்சத்து 17 ஆயிரம் மிச்சத்தில், குறைந்தது மூன்று மணி நேரம் அணைந்திருந்தால்தான் அது தகும்.

மன்னார்க் காற்றாலைக் கேள்விக்கும் விடை இங்கேதான். நள்ளிரவிலோ விடுமுறை நாளின் நண்பகலிலோ தேவை இறங்கும்போது நிலக்கரி இயந்திரம் தன் தாழ்ந்த எல்லைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேலும் குறைக்க வேண்டுமானால் அதை அணைக்க வேண்டும். அணைத்தால் மாலை உச்சத் தேவைக்கு அது திரும்பாது, அந்த இடத்தில் டீசல் எரியும். சில மணி நேரக் காற்றை விடுவது அதைவிட மலிவு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டதன் பின்னாலும் இந்தத் தாழ்ந்த எல்லையும் அந்தச் சுழலும் எடையும்தான் இருந்தன. பெரிய மின்கலங்களை நேரத்தோடு வைத்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க வேண்டாம். திட்டுவதற்கான சரியான இடம் அது.

சேர்க்கைகளைத் தேடும் வேலை விரைவில் கைமீறும். மூன்று இயந்திரங்களுக்கு ஏழு சேர்க்கைகள், பத்துக்கு 1,023. அதுவும் ஒரே ஒரு மணி நேரத்துக்கு. ஒரு மணியின் முடிவு அடுத்த மணியையும் கட்டிப்போடும். முன்பெல்லாம் முழுச் சுமைச் செலவின்படி வரிசைப்படுத்தி, தேவை ஏற ஏற ஒவ்வொன்றாகக் கிளப்புவார்கள். சிறிய கட்டமைப்புக்கு அந்த வரிசை முறை இன்றைக்கும் மோசமில்லை. பெரியவற்றில் முழு எண் கலந்த நேரியல் நிரலாக்கம் என்ற முறையில் கணினி நாளைய 24 மணி நேரத்தையும் ஒன்றாகத் தீர்த்துவிடுகிறது.

ஐந்தாம் படி: கம்பியில் கரைவதைக் கணக்கில் எடுப்பது

போருக்குப் பின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ட் பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. அதுவரை குடாநாடு தேசியக் கட்டமைப்பிலிருந்து பிரிந்து, தனியே எண்ணெயில் ஓடியது. இணைத்ததும் தெற்கின் மலிவான அலகுகள் வடக்கே வந்தன. ஆனால் வழியில் ஒரு பகுதி சூடாகிப் போகும்.

தெற்கில் கூட்டும் ஒவ்வொரு மெகாவாட்டிலும் நூற்றுக்கு எட்டு வழியில் போகிறது என்றால், அங்கே 26 ரூபாய்க்கு உற்பத்தியாகும் அலகு வடக்குக்கு 26 ÷ 0.92, அதாவது 28 ரூபாய் 26 சதம். அப்போது சுன்னாகத்தில் 28 ரூபாய்க்கு ஓடக்கூடிய இயந்திரம் இருந்தால் அதை ஓட்டுவதே மலிவு. இழப்பு மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுவதால், பாதையில் சுமை இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. எனவே இங்கேயும் பார்க்க வேண்டியது சராசரி இழப்பை அல்ல, கடைசி மெகாவாட்டின் இழப்பை. கம்பியின் தாங்குதிறன், மின்னழுத்த எல்லை ஆகியவற்றையும் சேர்த்து ஒரே கணக்காக இதை 1962இல் பிரான்சைச் சேர்ந்த கார்பென்டியே அமைத்துக் காட்டினார். இன்றைய மென்பொருள்கள் அந்தப் பாதையில்தான் வந்தன.

ஆறாம் படி: தண்ணீருக்கு விலை போடுவது

நீர்மின்நிலையத்துக்கு எரிபொருள் செலவு இல்லை என்று அதை முதலில் திறந்துவிடுபவர் மாலையில் மாட்டிக்கொள்வார். இரணைமடுவில் சிறுபோகக் கூட்டம் நடக்கும்போது, குளத்தில் இத்தனை அடி தண்ணீர் இருக்கிறது, ஆகவே இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள் அல்லவா, மலைநாட்டு நீர்த்தேக்கத்தையும் அப்படித்தான் ஆள வேண்டும். இன்று விடும் தண்ணீரின் விலை, பின்னர் அது இல்லாததால் எரிக்க வேண்டிவரும் எண்ணெயின் விலை.

எண்ணில் பார்ப்போம். ஒரு கன மீற்றர் நீர் 200 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு திறனுள்ள சுழலி ஏறக்குறைய அரை அலகு தரும். நண்பகலில் அந்த அரை அலகு, அலகுக்கு 20 ரூபாய் ஆகும் நிலக்கரியை மிச்சப்படுத்துமானால் தண்ணீரின் பெறுமதி 10 ரூபாய். மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் அலகுக்கு 60 ரூபாய் ஆகும் டீசலை மிச்சப்படுத்துமானால் 30 ரூபாய். அதே தண்ணீர், அதே சுழலி. இந்த நீர் விலையை எரிபொருள் விலை போலவே வைத்து மூன்றாம் படியின் கணக்கில் சேர்த்துவிடலாம்.

நம் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. மகாவலி நீர் வயலுக்கும் போக வேண்டும், எனவே எப்போது திறப்பது என்பதை மின்சாரக் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. களனி ஆற்றுப் பக்கத்து இலக்சபானைத் தொகுதியில் அந்தக் கட்டுப்பாடு குறைவு. நிலக்கரிக்கும் பருவம் இருக்கிறது: தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் நுரைச்சோலைக்கான கப்பல்களிலிருந்து இறக்குவது பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான். களஞ்சியத்தில் குவித்த கரியும் அடுத்த பருவம்வரை வர வேண்டிய சேமிப்பே.

ஏழாம் படி: நாள் முழுவதும் திருத்துவது

முந்தின நாள் போட்ட திட்டம் காலையிலேயே பிசகத் தொடங்கும். மேகம் வரும், காற்று விழும், கிரிக்கெட் போட்டி முடிந்ததும் தேவை சட்டென மாறும். அதிர்வெண் 50 ஹேர்ட்ஸிலிருந்து நழுவினால் முதல் சில நொடிகளில் ஒவ்வோர் இயந்திரத்தின் வேகக் கட்டுப்படுத்தியும் தானாக ஈடுகொடுக்கும். பிறகு விக்டோரியா போன்ற பெரிய நீர்மின்நிலையம் ஒன்று அதிர்வெண்ணை மீண்டும் இழுத்துப் பிடிக்கும். அது முடிந்த பின்னரே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை, புதிய தேவைக்குப் புதிய லாம்டாவைத் தீர்த்துச் சுமையை மறுபடி பிரிக்க வேண்டும். மறுநாள், நடந்த தேவையை வைத்து அதே கணக்கை மீண்டும் ஓட்டி, ஆகியிருக்க வேண்டிய செலவுக்கும் ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காரணம் காரணமாகப் பிரித்து எழுதுங்கள்: முன்கணிப்புப் பிழை இவ்வளவு, பழுது இவ்வளவு, கையிருப்புக்காக இவ்வளவு. இந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் எந்த மென்பொருள் வாங்கியும் பயனில்லை.

ஆலைக்காரருக்கு

உங்களிடம் முன்னர் அளந்த 100 கிலோவாட் இயந்திரமும், 15, 30, 45, 60 கிலோவாட்டில் மணிக்கு 6, 10, 14.2, 18.5 லீற்றர் குடிக்கும் சிறியதொன்றும் இருக்கின்றன என்று வைப்போம். சுமை 55 கிலோவாட். இரண்டையும் ஓட்டி 30, 25 என்று பிரித்தால் மணிக்கு 20 லீற்றர் அளவில் போகும். பெரியதை மட்டும் ஓட்டினால் 16.7, சிறியதை மட்டும் ஓட்டினால் 17.1. கூடவே, முழுச் சுமையின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நெடுநேரம் ஓடும் டீசல் இயந்திரத்தில் எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் படியும். எனவே ஏறக்குறைய நாற்பத்தெட்டு கிலோவாட்டுக்குக் கீழே சிறியது, அதற்கு மேலே பெரியது, 90ஐத் தாண்டினால் மட்டும் இரண்டும் என்று ஓர் அட்டையில் எழுதி, மின்பிறப்பாக்கி அறையின் கதவில் ஒட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பெரும்போக அறுவடை தொடங்கும் முன், வளைவை மீண்டும் அளந்து அட்டையைத் திருத்துங்கள்.